மில் ஓடாத வாரம்

அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் எழுதியிருக்கிறது. ஆனால் எந்தக் கண்டக்டரும் அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் இறக்கிவிட்டதில்லை. "கூட்ரோடு, கூட்ரோடு, எறங்கு" என்பதோடு சரி. கள்ளக்குறிச்சிக்கு ஒரு ரோடு, திருக்கோவிலூருக்கு ஒரு ரோடு, சேலத்துக்கு ஒன்று, கச்சிராயபாளையம் போய் மலைக்கு ஏறுகிற ரோடு ஒன்று. நாலும் சேருகிற இடத்தில் ரெண்டு டீக்கடை, ஒரு உரக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு மாவு மில். போகிறவர்களுக்காகவே ஏற்பட்ட ஊர். அங்கேயே இருக்கிறவர்களைப் பற்றி யாரும் பெரிதாக யோசித்ததில்லை.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த கையோடு நாலு ரோடும் நின்றுபோயின. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்கு இருபது சதவீதம் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் ஒரு வாரம் மறியல் அறிவித்தார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். கடைகளைச் சாத்தச் சொன்னார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து மில்லுக்கு மூட்டை தூக்க வருகிற நிர்மலா வரவில்லை. காலனியிலிருந்து யாருமே அந்த வாரம் ரோட்டைத் தாண்டவில்லை. தாண்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். கிழக்கே எங்கேயோ புகை தெரிந்தது. எது எரிகிற புகை என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாவு மில் தெய்வசிகாமணியுடையது. கழனி அவன் பாடு, மில் அவன் பெண்டாட்டி விஜயலட்சுமியின் பாடு. வீடு மில்லை ஒட்டி, ரெண்டுக்கும் வாசல் ரோட்டைப் பார்த்து, நடுவில் ஒரே சுவர். காலையில் பெல்ட்டை மாட்டினால் விளக்கு வைக்கிறவரைக்கும் ஓட்டம்தான். மலையிலிருந்து சாமையும் கேழ்வரகும் ஜீப்பில் வந்து இறங்கும். கீழேயிருந்து அரிசியும் மிளகாயும் சைக்கிளில் வரும். அந்த இரைச்சலில் வீட்டில் யார் என்ன பேசினாலும் பாதிதான் கேட்கும். ஆம்பளைகள் கத்திப் பேசிக்கொள்வார்கள். விஜயலட்சுமி பகல் முழுக்க மில்லில் கத்தி ஓய்ந்துவிடுவதால் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசுவாள். பகலில் சாதாரணமாகப் பேசினால் அந்த வீட்டில் ஒன்றும் கேட்காது, ராத்திரியிலோ அவள் தொண்டை கம்மிப் போயிருக்கும். அவள் வாயசைவதைப் பார்த்து ஊகம் பண்ணிக்கொண்டே பதினாறு வருஷம் குடித்தனம் நடந்துவிட்டது.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் மில்லுக்கு நேர் எதிரே நின்ற மரத்தில் ரம்பம் வைத்தவன் வேறு யாருமில்லை, தெய்வசிகாமணியின் தம்பி தமிழரசன்தான். பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன். மரம் மடமடவென்று ரோட்டில் விழுந்தபோது பையன்கள் விசிலடித்தார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காசியம்மாள் மட்டும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அட பாவி, அந்த மரத்தையா சாய்ச்ச?" என்றாள்.

அந்த மரத்தில் விஜயலட்சுமியின் பேய் இருந்தது.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். விஜயலட்சுமிக்கு அப்போது பதினைந்து முடிந்து பதினாறு. பக்கத்து ஊர்க்காரி. பத்தாவது படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்தினார்கள். அவள் முதலில் சாப்பாட்டை நிறுத்தினாள், அப்புறம் பேச்சை நிறுத்தினாள். கூட்டுரோட்டில் லாரி அடித்துச் செத்த ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டி, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மாயவன் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவன் உடுக்கையும் வேப்பங்குச்சியுமாக மூன்று நாள் கேட்டான்: யாரு நீ, உனக்கு இன்னா வேணும்? பேய்கள் கேட்கிற சாமான்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கருங்கோழி, சாராயம், சுருட்டு, மல்லிகைப்பூ, கண்ணாடி வளையல். இதைத் தாண்டி எந்தப் பேயும் எதையும் கேட்டதாக வரலாறு கிடையாது. மூன்றாம் நாள் முதுகெல்லாம் தடித்துப்போன பிறகு விஜயலட்சுமி, "கோழி" என்றாள். உடனே தலையில் கல்லைத் தூக்கிவைத்து ஓடவிட்டார்கள். கூட்டுரோட்டுப் புளியமரத்தில் அவளுடைய ஒரு பிடி மயிரைச் சுற்றி ஆணி அடித்து, மயிரை அறுத்தான் மாயவன். "சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணி வையுங்க" என்று சொல்லிவிட்டுக் கோழியை எடுத்துக்கொண்டு போனான்.

பண்ணி வைத்தார்கள். அத்தை மகன் தெய்வசிகாமணிக்கு. பேயை அடித்த மரத்துக்கு எதிர்வீட்டிலேயே பெண்ணைக் கொடுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முறைமாப்பிள்ளை இருக்கும்போது மரம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

இப்போது விஷயத்துக்கு வருவோம். காசியம்மாள் தெய்வசிகாமணியின் அக்கா, தியாகதுருகம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மறியலுக்கு முதல் நாள்தான் வந்தாள். விஜயலட்சுமியின் மகள் ஜெயசுதாவைத் தன் மகன் இளஞ்செழியனுக்குப் பேசி, ஐப்பசியில் பரிசம் போட நாள் குறித்துக்கொண்டு போக வந்தவள், பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டாள். ஜெயசுதாவுக்கும் பதினைந்துதான். ஒன்பதாவது பாஸ் பண்ணியவள். ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் திறந்தபோது, "வயசுப்பொண்ணு பஸ்ஸுல போயி வந்துகினு இருக்கறது நல்லா இல்ல" என்று அத்தை சொல்லி அனுப்ப, அப்பா நிறுத்திவிட்டார். பத்தாம் வகுப்பில் அவள் பெயரை இன்னும் நீக்கவில்லை, வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று டீச்சர் ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். பரிசம் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விஜயலட்சுமிக்கு அந்த வாரம் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

மரம் விழுந்த அன்று மத்தியானம். மில் ஓடவில்லை, ரோட்டில் ஒரு ஹாரன் சத்தமில்லை. தெய்வசிகாமணியும் தமிழரசனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள், "ஐப்பசி பத்துக்குள்ள ஒரு நாள் பாத்துடு" என்று தம்பியிடம் சொன்னாள். குழம்பு ஊற்றிக்கொண்டே விஜயலட்சுமி, "இப்ப இன்னா அவசரம் அண்ணி" என்றாள்.

எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினாள். ஆனால் மூன்று பேரும் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"ஏண்டி, உன் கொரலு ஏன் இப்பிடி இருக்குது?" என்றாள் காசியம்மாள்.

"எப்பிடி இருக்குது?"

"கணீர்னு இருக்குதுடி. உன் கொரலு இப்பிடி இருக்காதே."

விஜயலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. தெய்வசிகாமணியும் தலையை ஆட்டினான். பெண்டாட்டியின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் இப்படி இருக்காது என்று மட்டும் தோன்றியது. காசியம்மாள் கண்ணால் வாசலைக் காட்டினாள். வாசலுக்கு நேரே மரம் அறுபட்டுக் கிடந்தது.

அதற்கப்புறம் விஜயலட்சுமி என்ன செய்தாலும் தப்பாகப் போயிற்று. வேலை இல்லாததால் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். "பகல்ல தூங்குது" என்றார்கள். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தாள். "மரத்தையே பாக்குது" என்றார்கள். ரெண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டாள். அதைக் காசியம்மாள் அண்டை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தமிழரசன்தான், "அக்கா, எல்லாம் மூடநம்பிக்க" என்று சிரித்தவன். ராத்திரியெல்லாம் மழையில் மறியல் காவல் இருந்தவனுக்கு மறுநாள் ஜுரம் நெருப்பாகக் காய்ந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டவன், அப்புறம் மூடநம்பிக்கை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

வீட்டில் ஒருவரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தெய்வசிகாமணி கழனிக்குப் போவான், பாதி வழியில் திரும்பி வருவான். காசியம்மாள் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். விஜயலட்சுமி மட்டும் என்ன, மில்லுக்குள் போய் ஓடாத எந்திரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அங்கே இருக்கும்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் பேசுவது கேட்டது. மில் ஓடினால் கேட்டிருக்காது.

"ரோடு வுட்டதும் மாயவன கூட்டியாரணும்டா. கெழவன் ஆனாலும் இன்னும் கெட்டியா இருக்கானாம்."

விஜயலட்சுமி எந்திரத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். துணியைக் கீழே போட்டுவிட்டு மாவுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் அந்த வேப்பங்குச்சி விழுந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பதினாறு வயதில் அடித்தது போதாதா? இன்றைக்கு முப்பத்திரண்டு வயதில், மகள் பார்க்க, தலையை விரித்துப் போட்டு உட்கார்த்தி வைப்பார்களா? அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் கோபமும்தான் வந்தன.

நேரே வெளியே போனாள். யார் பார்த்தால் என்ன என்று மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அடிமரத்தில் ஏகப்பட்ட ஆணிகள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பெண்களுக்கு அடித்தவை. தன்னுடையது எது என்று தேடினாள். எல்லாமே துருப்பிடித்து ஒரே மாதிரி இருந்தன. தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது.

திரும்பி உள்ளே வந்தபோது தெய்வசிகாமணி கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தான். கோயிலில்தான் அப்படிக் கட்டுவான். பக்கத்தில் காசியம்மாள் தட்டில் கற்பூரத்தோடு நின்றாள். மூலையில் தமிழரசன் கம்பளிக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டினான். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஜெயசுதா நின்றாள்.

"கேளுடா" என்று தம்பியை இடித்தாள் காசியம்மாள்.

தெய்வசிகாமணி எச்சிலை விழுங்கினான். "யாரும்மா நீங்க? உங்களுக்கு இன்னா வேணும்?"

விஜயலட்சுமிக்குச் சிரிப்புக்கூட வந்தது. பதினாறு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு நாள், ஒரு தீபாவளிக்குக்கூட, உனக்கு இன்னா வேணும் என்று கேட்டதில்லை. நான் விஜயாதான் மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல, போயி வேலயப் பாருங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். நாலு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தார்கள். அவள் விஜயா என்று சொன்ன அடுத்த நிமிஷம் எல்லோரும் மூச்சை விட்டுவிட்டு ஐப்பசியில் எந்த நாள் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"பொண்ணு பள்ளிக்கூடம் போவணும்" என்றாள்.

குரலை மாற்றவில்லை. கண்ணை உருட்டவில்லை. உப்பு வேண்டும், புளி வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

தெய்வசிகாமணி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். காசியம்மாளுக்கே குழப்பம். "கோழி வாணாமா?" என்றாள்.

"வாணாம்."

"சாராயம்? சுருட்டு?"

"வாணான்னு சொல்றேன் இல்ல. பொண்ணு பத்தாவது முடிக்கணும். அதுக்கப்பறமும் அது எவ்ளோ படிக்கிதோ அவ்ளோ படிக்கணும். அது போறும்னு சொல்ற வரைக்கும் பரிசம் கிரிசம்னு எவரும் வாயத் தொறக்கக் கூடாது."

மூலையிலிருந்து தமிழரசன் ஜுரத்தில் முனகினான். "அண்ணா, நாம ரோட்ல கேக்கறதத்தான் இது வூட்ல கேக்குது."

"சும்மா இருடா" என்றான் தெய்வசிகாமணி. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "போவட்டும்மா. போவட்டும். வேற ஒண்ணும் இல்லையே?"

"சத்தியம் பண்ணு."

காசியம்மாள் தட்டிலிருந்த கற்பூரத்தை ஏற்றினாள். தெய்வசிகாமணி அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். குலதெய்வத்தின் பெயரை அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

"மாயவன கூட்டியாந்தீங்கன்னா நான் போவ மாட்டேன்" என்றாள் விஜயலட்சுமி. "பொண்ணு படிச்சிகினு இருக்கிற வரைக்கும் நான் செவனேன்னு இருப்பேன். வூட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் வராது." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். ஜெயசுதா கதவுக்குப் பின்னால் இல்லை.

மறுநாள் விடிந்ததும் காசியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே தியாகதுருகம் போய்ச் சேர்ந்தாள். இந்த மாதிரி வீட்டில் இனி பெண்ணெடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. தெய்வசிகாமணி பாயைச் சுருட்டிக்கொண்டு மில்லில் படுக்க ஆரம்பித்தான். விஜயலட்சுமிக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை. சோறு வைக்கும்போது, "போதுங்க" என்றான். கற்பூரத் தட்டு இல்லாமல் அவன் வாயிலிருந்து அவள் அந்த ஒரு "ங்க"வை முதன்முதலாகக் கேட்டாள். ரெண்டு நாள் அவளுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. மகள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தாள். தான் ஜெயித்துவிட்டதாகவும் கொஞ்சம் நினைத்தாள்.

மூன்றாம் நாள் கூடத்தைப் பெருக்கும்போது மகளின் பாயைச் சுருட்டினாள். தலைமாட்டில், பாய்க்கு அடியில், கதிரறுக்கிற அரிவாள் ஒன்று இருந்தது. காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வைத்துப் படுப்பார்கள்.

விஜயலட்சுமி துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யோசித்துப் பார்த்தால் ரெண்டு நாளாகவே பெண் பக்கத்தில் வரவில்லை. தலை பின்னிக்கொள்ள வரவில்லை, அடுத்த வீட்டில் பின்னிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டது. கூப்பிட்டால் கதவுக்கு வெளியே நின்று, "இன்னா?" என்றது. அம்மா என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. புருஷன் பயந்தான், நாத்தனார் பயந்தாள், அதெல்லாம் அவளுக்கு இனித்தது. இது இனிக்கவில்லை. அரிவாளை இருந்த இடத்திலேயே வைத்துப் பாயை மறுபடி விரித்துவிட்டாள்.

வாரம் முடிந்தது. போலீசும் லாரியுமாக வந்து மரங்களைத் துண்டு துண்டாக அறுத்து ஓரத்தில் தள்ளினார்கள். தமிழரசன் ஜுரம் விட்டதும், போலீஸ் பிடிக்கும் என்று எங்கேயோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான். மலையிலிருந்து முதல் ஜீப் இறங்கியது. தெய்வசிகாமணியே பெல்ட்டை மாட்டினான். பழையபடி வீட்டில் ஒரு பேச்சும் கேட்காமல் ஆயிற்று.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காகத் தாயும் மகளும் கூட்டுரோட்டில் நின்றார்கள். ஜெயசுதா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரெண்டு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றாள். விஜயலட்சுமி கையில் தூக்குச்சட்டி. பெண்ணைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தவள், பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனாள். ஜெயசுதா ஒரு அடி நகர்ந்தாள்.

"பயப்படாத கண்ணு. பேயும் இல்ல பிசாசும் இல்ல. நான்தான் கேட்டேன்."

ஜெயசுதா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சத்தியத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

"நெஜமாவா?"

"ஆத்தா சத்தியமா. உங்கப்பன் கேட்டப்ப எனக்குத் தோணுச்சி, சொல்லிட்டேன். உங்கப்பன்கிட்ட சொல்லிடாத."

ஜெயசுதா புத்தகப்பையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. "நீயேதான் கேட்டன்னா ஜூன் மாசமே கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். "எல்லாப் பசங்களும் போவச்சொல்ல நான் வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்தனே. காலாண்டு பரீச்சகூட போயிடுச்சி. அப்ப ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னேன்டி. உங்கப்பன்கிட்ட சொன்னேன். ஒரு வாட்டி இல்ல, தெனத்துக்கும் சொன்னேன். நீ எதிர்லதான் உக்காந்து சோறு தின்னுக்கினு இருந்த."

ஜெயசுதா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், புருவத்தைச் சுருக்கி, ஜூன் மாதத்தை ஒவ்வொரு நாளாகப் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒன்று நடந்ததாக அவளுக்குத் துளிகூட ஞாபகம் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேய் கேட்டது என்றால் நம்ப முடிந்தது. அம்மா கேட்டாள் என்பதைத்தான் அந்தப் பெண்ணால் நம்ப முடியவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி" என்று கத்தினான். ஜெயசுதா கையை நீட்டினாள். அம்மாவின் விரல் படாமல் தூக்குச்சட்டியின் வளையத்தை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள்.